சில்லில் முட்டாத வில்

முதலில் சத்தம்தான் வந்தது. தடித்த மட்டையை ஒரே இழுவையில் கிழித்தது போன்ற சத்தம். மறுகணம் என் மூக்குக்கண்ணாடி மூக்கில் இல்லை. மடியில் கிடந்தது வில்லும் இல்லை, தனித்தனியாகக் கழன்ற மூன்று மரச் சிலாகைகள். அவற்றை ஒட்டி, காயவைத்து, சுரண்டி, வளைத்து, சற்று முன்னர்தான் "இனி இது வில்" என்று எல்லோருக்கும் அறிவித்திருந்தேன்.

எல்லோரும் என்றால் இரண்டு பேர். ஒருவர் என் கணவர் தாசன். மற்றவர் என் அம்மா. நீர்வேலியில் எங்கள் வீட்டு முற்றம், வெயில் சாய்கிற பின்னேரம்.

தாசன் ஓடிவந்து என் முகத்தைத் திருப்பினார்.

"கண்ணிலை பட்டதோ?"

"கண்ணை விடுங்கோ. வில்லைப் பாருங்கோ."

"வில்லுக் கிடக்கட்டும். முதலிலை கண்ணைக் காட்டும்."

கண்ணுக்கு ஒன்றுமில்லை. காதோரம் ஒரு கீறல், அவ்வளவுதான். அம்மா கிணற்றடியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். எதற்கும் நாலு வார்த்தை சொல்கிற அம்மா அன்றைக்குப் பேசாமல் போனதை நான் கவனிக்கவில்லை. எனக்கு என் கவலை. அம்பெய்கிற தெரிவுப் போட்டிக்கு அதிக நாள் இல்லை, கையில் வில்லும் இல்லை.

புள்ளி எழுதுகிற ரீச்சர்

இந்த வாரம்தான் என்னை வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்காக: நான் வதனி. வீட்டோடு ஒரு கொட்டில் போட்டு, அதில் கணிதம் ரியூசன் சொல்லிக்கொடுக்கிறேன். இடுப்புக்குக் கீழே எனக்கு வேலை செய்யாது, சில்லுக் கதிரையில்தான், அதுதான் சக்கர நாற்காலியில்தான், நடமாட்டம். அது எப்படி நேர்ந்தது என்பதை இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன். திரும்ப எழுத மாட்டேன். அறிய ஆசைப்படுகிறவர்கள் பழைய இதழைத் தேடி எடுக்கட்டும்.

தெல்லிப்பழைப் பக்கம் ஒரு மைதானத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு அம்பெய்யப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை காலையில் தாசனுடன் போனேன். சும்மா பார்க்கத்தான் போனேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். எனக்கு எய்ய வேண்டும் என்று ஆசை. நான் கதிரையில் இருந்தபடி ஒரு பொருளைத் தொலைவுக்கு அனுப்பி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கைக்கெட்டுகிற தூரம்தான் என் உலகம் என்று ஆகியிருந்தது.

அங்கே பழக்குகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கணக்கு ரீச்சரோ! அப்ப புள்ளி எழுத ஆள் கிடைச்சிட்டுது."

அன்றிலிருந்து எனக்கு அதுதான் உத்தியோகம். மற்றவர்கள் எய்தார்கள், நான் கூட்டிக் கழித்தேன். சில கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வில்லைத் தரச்சொல்லிக் கேட்டேன். தந்தார்கள். நாணை இழுத்து விட்டேன். அம்பு போவதற்கு முன்னரே வில்லின் கீழ் நுனி என் கதிரைச் சில்லில் "டொக்" என்று முட்டியது. அம்பு என் காலடியில் விழுந்தது.

அங்கே எய்கிற மற்றவர்கள் எல்லோரும் பொய்க்காலிலோ ஊன்றுகோலிலோ நிற்கக் கூடியவர்கள். அவர்களிடம் இருந்தவை ஆள் உயர நெடுவில்கள். நிற்கிறவருக்கு அதன் கீழ்ப்பாதி வெறும் காற்றில் நிற்கும். கதிரையில் இருக்கிறவருக்கு அந்த இடத்தில் சில்லு நிற்கிறது. வில்லைச் சரித்துப் பிடித்தால் முட்டாது, ஆனால் குறி ஒரு பக்கம், அம்பு ஒரு பக்கம்.

"ரீச்சர், உந்த வில்லு உங்களுக்குச் சரிவராது" என்றார் மாஸ்டர்.

"அப்ப எந்த வில்லுச் சரிவரும்?"

"அப்பிடி ஒண்டு எங்களிட்டை இல்லை."

"இருந்தால்?"

அவர் சிரித்தார். கதிரையிலிருந்து எய்கிற பெண்களில் ஒருவரைக் கொழும்பில் நடக்கும் போட்டிக்கு அனுப்பப் போகிறார்களாம். அதற்கு எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு தெரிவு இருக்கிறதாம். "சில்லிலை முட்டாத வில்லோடை வாங்கோ, உங்கடை பேரையும் போடுறன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுக்கவில்லை.

நடுவில்தான் பிடிக்க வேண்டுமா?

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒரே கேள்வி. வில்லை ஏன் நடுவில் பிடிக்க வேண்டும்? கீழே கட்டையாகவும் மேலே நீளமாகவும் இருந்தால் வில் கோபித்துக்கொள்ளுமா?

எனக்குத் தெரிந்த வில் ஒன்றே ஒன்றுதான்: பட்டத்துக்குப் பூட்டுகிற விண். தை மாதத்தில் இங்கே வானம் முழுக்க ஒரு கூவல் கேட்குமே, அந்தக் கூவலைப் போடுகிற சின்ன வில். அதில் இழுத்துக் கட்டிய நாடா காற்றில் துடித்துக் கத்தும். சின்ன வயதில் ஒழுங்கையில் உள்ள பெடியள் எல்லோருக்கும் விண் சீவிக் கொடுத்தது நான்தான். பட்டம் ஏற்ற மட்டும் விடமாட்டார்கள், பொம்பிளைப் பிள்ளையாம். அந்தக் கோபம் இன்றைக்கும் இருக்கிறது.

விண்ணில் இரண்டு பக்கமும் ஒரேயளவு வளைய வேண்டும். நடுவை விரலில் ஏற்றி வைத்து நுனிகளை அமத்திப் பார்ப்போம். எந்தப் பக்கம் விறைப்போ அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் சீவுவோம். எனக்கு வேண்டிய வில்லில் இரண்டு பக்கமும் ஒரே நீளம் இல்லை. கட்டைப் பக்கம் இயல்பாகவே விறைப்பாக நிற்கும். அப்படியானால் அதை மேல்பக்கத்தைவிட மெலிதாக்க வேண்டும். எவ்வளவு மெலிதாக? கணக்குப் போட்டேன், கொப்பியை மூடிவிட்டு மரம் சொல்லட்டும் என்று விட்டேன்.

மரத்துக்கு வருவோம். வில்லை இழுக்கும்போது எய்கிறவருக்கு அப்பால் உள்ள முகம் இழுபடும், எங்கள் பக்கத்து முகம் நசுங்கும். ஒரே மரம் இரண்டையும் தாங்குவது கஷ்டம். அதனால் மூன்று சிலாகைகளை ஒட்டுவது என்று முடிவெடுத்தேன். வெளிப்பக்கம் மூங்கில், அது இழுவைக்கு ஈடுகொடுக்கும். நடுவில் கமுகு. உள்பக்கம் பனை. நசுக்கினால் பனை அசையாது. ஆனால் இழுத்தால் நார் பிரிந்து, முள்ளுமுள்ளாகச் சிலாம்பு சிலாம்பாக எழும்பும், அதனால் அதை வெளிப்பக்கம் வைக்கக் கூடாது.

எங்கள் பழைய கூரையில் கழற்றிய பனஞ்சிலாகைகள் பின்வளவில் அடுக்கிக் கிடந்தன. தாசன் அவற்றைக் காட்டினார். வேண்டாம் என்றேன். கறையானுக்காக இங்கே எல்லா வீட்டிலும் கூரைமரத்துக்கு வாகனத்தில் கழித்த ஒயில் பூசுவார்கள். ஒயில் குடித்த மரத்தில் பசை ஒட்டாது. இதை நான் எவ்வளவு அறிவாளித்தனமாகச் சொன்னேன் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளவும். மரக்காலைக்குப் போய், ஒன்றும் பூசாத புதுப் பனையாகப் பார்த்து அரிந்து வாங்கிவந்தோம். மூங்கில் பந்தல்காரரிடம் கிடைத்தது. கமுகு பக்கத்து வளவில் விழுந்து கிடந்தது.

பசை தாசனின் பாடு. அவர் குருநகர்க்காரர், கண்ணாடி இழைப் படகுகள் திருத்துகிறவர். நான் சைவம், அவர் வேதம், அதாவது கிறிஸ்தவர். கல்யாணத்தின்போது இரண்டு பக்கத்தவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்ட கதை வேறொரு வாரத்துக்கு. ரெசின் கலப்பதில் அவருடைய கை கடலில் சோதித்துப் பார்த்த கை.

சிலாகைகளை மெலிதாகச் சீவி, கொட்டில் ஓரம் வெயிலில் காயவைத்தோம். ஒட்டுகிற அன்று எடுத்துப் பார்த்தால் பனை கறுத்து மினுங்கியது. "வைரத்தைப் பாருங்கோ, வைரத்தை" என்று தாசனிடம் பெருமைப்பட்டேன். அவரும் தலையை ஆட்டினார். ரெசினைப் பூசி, மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி வரிந்து வரிந்து சுற்றினோம். அந்த இறுக்கத்துக்கு எந்தக் கருவியும் நிகரில்லை.

காய்ந்தபின் வளைவு பார்க்கிற வேலை. அதற்கு ரியூசன் கொட்டிலின் கரும்பலகை உதவியது. வரைபு கீறுவதற்காக அதில் கட்டங்கள் போட்டிருக்கிறேன். வில்லைப் பலகைக்கு முன்னால் பிடிப்பில் தொங்கவிட்டு, நாணில் கிணற்றுக் கயிற்றைக் கட்டி, கீழே ஒரு கப்பியால் கொண்டுவந்து, கதிரையில் இருந்தபடி தூரத்திலிருந்து இழுத்தேன். மேல்பக்கம் எத்தனை கட்டம் வளைகிறது, கீழ்ப்பக்கம் எத்தனை கட்டம் என்று தெளிவாகத் தெரிந்தது. கீழ்ப்பக்கம் பிடிவாதக்காரன். உடைந்த போத்தல் கண்ணாடியால் மெல்ல மெல்லச் சுரண்டினேன். ஒரு கட்டத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாக மூச்சு விடுவதுபோல வளைந்தன. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்து வெகுநாள்.

அந்த வில்தான் முதல் முழு இழுவையில் மூன்றாகக் கழன்றது.

பசை பிடிக்கவில்லை

சண்டை பிடித்தேன். வேறென்ன செய்வது? பக்கத்தில் இருந்தவர் தாசன், ரெசின் கலந்தவரும் தாசன்.

"நீங்கள் அளவு பிழைச்சுப் போட்டியள்."

"நான் அளவு பிழைக்கிற ஆளெண்டால் பாதிப் படகு கடலுக்கை கிடக்கும், வதனி."

"அப்ப ஏன் கழண்டது?"

அவர் பனஞ்சிலாகையை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்தார். பசை முழுவதும் ஒரு தகடாக உரிந்து வந்திருந்தது. மரத்தில் ஒரு துளிகூடத் தங்கவில்லை. அது விட்ட அதிர்ச்சியில்தான் மற்ற இரண்டும் பிரிந்திருந்தன. "பசை தோக்கேல்லை. பசை பிடிக்கவே இல்லை" என்றார். பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். சிலாகையை என் மூக்குக்கு நீட்டினார்.

நல்லெண்ணெய்.

கத்திக் கூப்பிட்டேன். அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றார். புதிதாக வீட்டுக்கு வருகிற மரச்சாமான் எதுவானாலும், உலக்கையோ அகப்பைக் காம்போ, எண்ணெய் பூசி வெயிலில் வைத்துத்தான் அம்மா பாவிப்பார். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இந்த வில் வேலையைக் கண்டாலே அம்மாவுக்குப் பிடிக்காது. "உனக்கேன் உந்த வேண்டாத வேலை" என்று தொடங்கிய நாளிலிருந்து முணுமுணுத்தபடி இருந்தார். அவர் இதைத் தொடுவார் என்று நான் நினைக்கவே இல்லை.

"ஏன் அம்மா பூசினனீங்கள்? ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"பிறகேன்? பிடிக்காட்டில் பேசாமல் இருக்கலாமே. எனக்கு வில்லு வரக்கூடாதெண்டோ?"

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பனஞ்சிலாம்பு பொல்லாதது பிள்ளை, எண்ணெய் பூசினால்தான் அடங்கும். உன்ரை உள்ளங்கையிலை ஏறினால் நீ என்னெண்டு சில்லை உருட்டுவாய்? போனமுறை ஏறினது மறந்துபோச்சோ?"

மறக்கவில்லை. வாசல் சரிவுக்குப் போட்டிருந்த பனம்பலகையைப் பிடித்து ஏறியபோது ஒரு சிலாம்பு உள்ளங்கையில் இறங்கியது. கை வீங்கிப் பொங்கிவிட்டது. சில்லை உருட்ட முடியாமல் படுக்கையிலேயே கிடந்தேன். கழிப்பறைக்குக்கூட அம்மாதான் தூக்கினார், அம்மாவுடைய வயதில். மற்றவர்களுக்குக் கை என்றால் கை. எனக்குக் கையும் கால்தான். அதை என்னைவிட நன்றாக அம்மா விளங்கி வைத்திருந்தார்.

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோபத்தை வைத்துக்கொண்டேன், அதுதான் பழக்கம். "இனி ஒருதரும் என்ரை மரத்திலை கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். 

அம்மாவின் கன்னம்

மறுநாள் காலை கொட்டிலடியில் சுரண்டுகிற சத்தம் கேட்டது. தாசன் மரக்காலைக்குப் போய்ப் புதிதாகப் பனை அரிந்து வந்திருந்தார். அம்மா சாக்கை விரித்து இருந்து, போத்தல் கண்ணாடியால் சிலாகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார், எண்ணெய்த் தலை என்பதால்.

"கை கழுவினனீங்களோ?" என்று கேட்டேன்.

"சவுக்காரம் போட்டு. வேணுமெண்டால் மணந்து பார்."

மணந்து பார்த்தேன். சவுக்காரம்தான் மணந்தது.

எண்ணெய் இல்லாமலும் சிலாம்பை அடக்கலாம், பொறுமையாகச் சுரண்டினால் போதும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, அம்மாவுக்கு இருந்தது. சுரண்டிவிட்டுக் கையால் தடவிப் பார்க்க மாட்டார். வேலை செய்த கைக்கு ஒன்றும் தெரியாதாம். கன்னத்தை மரத்தில் வைத்து இழுப்பார். எங்கேயாவது சுருக்கென்றால் அங்கே திரும்பக் கண்ணாடி. கன்னத்தில் இரண்டு மூன்று கோடுகள் விழுந்துவிட்டன. போதும் அம்மா என்றால் கேட்டால்தானே.

ஒட்டினோம், சுற்றினோம். சீக்கிரம் காயட்டும் என்று தகரத்துக்குக் கீழே சூட்டில் வைத்தோம். இந்த முறை கீழ்ப்பக்கம் எவ்வளவு மெலிதாக வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் கரும்பலகையில் வேலை சுருக்கமாக முடிந்தது. முழு இழுவைக்கு முன்னர் தாசன் என் முகத்துக்குத் தன் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை மாட்டிவிட்டார். இழுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. விட்டேன். அம்பு பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வாழையின் அடித்தண்டில் போய் ஏறி நின்றது. சில்லில் ஒன்றும் முட்டவில்லை.

"தோட்டக்காரன் வந்து கேட்டால் நீ சொல்லு மறுமொழி" என்றார் அம்மா. சிரித்தார்.

திருநெல்வேலியில்

தெரிவு நாளன்று அம்மாவும் வருவேன் என்று முச்சக்கர வண்டியில் ஏறிவிட்டார். பலாலி வீதியில் பஸ்களுக்கு நடுவே மடித்த கதிரையை ஒரு கையால் பிடித்தபடி தாசன். வில் என் மடியில், பழைய சீலையால் சுற்றி.

கதிரையிலிருந்து எய்வதற்கு நான் ஒருத்திதான் இருப்பேன் என்று நினைத்திருந்தேன். இல்லை. சாவகச்சேரியிலிருந்து சுகந்தி என்று ஒருத்தி வந்திருந்தாள். என்னைவிட இளையவள், தோள் இரண்டும் நல்ல பலம். மற்றவர்கள் எய்கிற நெடுவில்தான் அவளிடமும் இருந்தது. முதலில் அவள் எய்தாள். சில்லில் முட்டாமல் இருக்க வில்லைச் சரித்துப் பிடித்தாள். அம்புகள் பலகையின் ஓரங்களில் போய்க் குத்தின, சில வெளியே போயின.

எல்லோரும் அம்புகளைப் பார்த்தார்கள். நான் அவள் விரல்களைப் பார்த்தேன். நாணை விடும்போது அவள் விரல் அசைவதே தெரியவில்லை. எனக்கு அது இன்றைக்கும் வராது, நான் நாணைப் பிடுங்கி விடுகிறவள். என் வில் இவளிடம் இருந்தால் இவள் என்னைத் தோற்கடிப்பாள் என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் தெரியவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. மிகவும்.

பிறகு நான் எய்தேன். முதல் அம்பு மேலால் போனது. அடுத்தவை பலகையில், இரண்டு நடு வட்டத்தில். பின்னால் தாசன் விசிலடித்தார். மாஸ்டர் பேனையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ரீச்சர், நீங்கள்தான். முழுப்பேரைச் சொல்லுங்கோ, எழுதுவம்."

எத்தனையோ கிழமையாக நான் காத்திருந்த கேள்வி. நான் சுகந்தியின் பக்கம் திரும்பினேன். 

"மாஸ்டர், கொஞ்சம் பொறுங்கோ. சுகந்திக்கு என்ரை வில்லைக் குடுத்து இன்னொருக்கா எய்ய விடுங்கோ."

"ஏன்? முடிஞ்சுதே."

"முடியேல்லை. அவ என்னோடை எய்யேல்லை, சில்லோடை மாரடிச்சவ."

பின்னால் அம்மா "விசரி" என்று சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

சுகந்தி வில்லை வாங்கி மேலும் கீழும் பார்த்தாள். கீழ்ப்பக்கம் கட்டையாக இருப்பதைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். பழக இரண்டு அம்பு விட்டாள். அதன்பின் அவள் எய்ததை நான் விவரிக்கப் போவதில்லை. என் அம்புகள் இருந்த வட்டத்துக்கு உள்ளே போய் அவளுடையவை நின்றன. வில் அவளுடைய கையில் என் கையில் இருந்ததைவிட அழகாக வளைந்தது. நான் செய்த பொருள் அவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று அப்போதுதான் கண்டேன். பெருமையில் நெஞ்சு விம்மியது, அதே நெஞ்சு எரியவும் செய்தது.

மாஸ்டர் அவளுடைய பெயரை எழுதினார்.

அழுதேன். ஒளிக்கவில்லை. அம்மா வந்து தன் சீலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். திட்டவில்லை.

சுகந்தி கதிரையை உருட்டிக்கொண்டு கிட்ட வந்து, வில்லை இரண்டு கையாலும் நீட்டினாள். அதைக் கொழும்புக்குக் கொண்டுபோகத் தாருங்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

"இது என்ரை கைக்கு அளவெடுத்தது. தரமாட்டன்" என்றேன். "வாற சனிக்கிழமை நீர்வேலிக்கு வாரும். உம்மடை கதிரையிலைதான் வர வேணும், சில்லின்ரை உயரம் பாக்க வேணும். நீர் கொழும்புக்குப் போக முதல் உமக்கெண்டு ஒண்டு செய்வம். அடுத்தமுறை தெரிவிலை நான் உம்மை வெல்லுவன், அதையும் இப்பவே சொல்லி வைக்கிறன்."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"என்னை வெல்லப்போறன் எண்டுறியள். பிறகேன் அக்கா எனக்கு வில்லுச் செய்து தாறியள்?"

"சில்லிலை முட்டுற வில்லோடை இருந்த உம்மை இண்டைக்கு ஒருக்கா வெண்டு பாத்திட்டன்" என்றேன். "அதிலை ஒரு ருசியும் இல்லை."